குதிரை மூக்கும் மரகதத்தின் செருப்பும்

பலராமனின் ரிவால்வர் யாரையும் சுட்டதில்லை. அந்த விஷயத்தில் அதற்கு நல்ல பெயர் இருந்தது. அவர் அப்பா கையில் இருந்த காலத்தில் அது ஒரே ஒரு தடவை வெடித்தது. பலராமன் பிறந்த சந்தோஷத்தில் அப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டாராம். மேகத்தில் ஓட்டை விழுந்து வல்லத்தில் மட்டும் விடாமல் மழை கொட்டியது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பக்கத்து ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அவர்கள் நனையவில்லை, எப்படி நம்புவார்கள்?

அப்பாவுக்குப் பிறகு துப்பாக்கியும் லைசென்ஸும் பலராமனுக்கு வந்தன. கூடவே மூன்று தோட்டாக்களும் வந்தன. நடுவில் மடித்துத் திறக்கிற சீமைத் துப்பாக்கி. ஊருக்கு வெளியே ஜெயவேல் பிரஸ் ஷாப் என்று ஸ்கூட்டருக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி வந்தபோது, அதன் கேட்டில் நிற்க ஒரு கன்மேன் வேண்டும் என்றார்கள். ஊரில் கன் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். மேன் என்பதில் அவர் மனைவி செங்கமலத்துக்குச் சில சந்தேகங்கள் இருந்தாலும் அவள் வெளியே சொல்லவில்லை. பலராமனுக்குக் காக்கி உடுப்பு, பெல்ட், கேட்டோரம் ஒரு மடக்கு நாற்காலி, வேப்பமர நிழல் எல்லாம் கிடைத்தன. அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து ஊரில் அவரை "பலராமா" என்று கூப்பிட்டவர்கள் "பலராமண்ணே" என்றார்கள். அவருடைய மச்சான்கூட எழுந்து நின்று பேசினான். அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

தினமும் சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் பலராமன் கை பழகுவார். தோட்டாக்களை எடுத்து வாட்ச்மேன் ரூமில் வைத்துப் பூட்டுவார். கொல்லைப்பக்கத்து மண்மேட்டுக்கு முன்னால் போய் நிற்பார். காலித் துப்பாக்கியை நீட்டி, தோட்டா போடுகிற குழிக்கு ஒன்றாக ஆறு தடவை விசையை இழுப்பார். டக், டக் என்று ஆறு சத்தம் வரும். வேலிக்கு அந்தப்பக்கம் மேய்கிற எருமைகள் ஆறாவது சத்தத்தில் தலையைத் தூக்கி, வரிசையாக வீட்டுக்குக் கிளம்பிவிடும். ஓட்டிப்போக ஆள் தேவையில்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷம் எலெக்ஷனுக்காக எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தபோது, பலராமன் தினமும் மண்மேட்டுக்கு முன்னால் நின்று நாக்கைச் சொடுக்கிப் பார்த்தார். எருமைகள் ஏமாறவில்லை. துப்பாக்கி திரும்பி வருகிறவரை அவை அங்கேயே படுத்திருந்தன. பால் கறக்கிறவர்கள் ராந்தலோடு வந்து போனார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் ரகுபதி ஒரு நாள் கேட்டருகே காரை நிறுத்தினார்.

"பலராமன், இந்தத் துப்பாக்கி வெடிக்குமா?"

"இன்னா சார் இப்பிடிக் கேட்டுட்டீங்க."

"நான் வந்ததிலிருந்து டக்கு டக்குன்னுதான் கேட்குது. ஆயுதபூஜைக்கு எல்லார் வீட்டுலேர்ந்தும் வருவாங்க. பூஜை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் மண்மேட்டுல ஒரு ரவுண்டு சுட்டுக் காட்டுங்க. ஸ்டேஷன்ல நான் சொல்லிடறேன்."

"வெடிக்கலன்னா சார்?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று நொந்துகொண்டார் பலராமன்.

"குன்றத்தூர்ல அண்ணாதுரைன்னு ஒருத்தர் இரட்டைக்குழல் துப்பாக்கி வச்சிருக்காராம். மீசையும் இருக்காம். அவரையும் அன்னைக்கு வரச் சொல்லியிருக்கேன். யாரோடது வெடிக்குதோ அவங்க கேட்டுல."

கார் போய்விட்டது. பலராமன் நாற்காலியைப் பார்த்தார். அதில் ஒரு மீசை உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிந்தது.

அன்றைக்குத்தான் அவர் துப்பாக்கியை வெயிலில் திறந்துவைத்து உற்றுப் பார்த்தார். விசையை இழுத்தால் பின்னாலிருந்து வந்து அடிக்கிறதே, குதிரை என்பார்கள், அதற்கு முனையில் சின்னதாக ஒரு மூக்கு உண்டு. அந்த மூக்குதான் தோட்டாவின் அடியிலுள்ள பொட்டைக் குத்தி வெடிக்கவைக்கும். கிளி மூக்காக இருக்கவேண்டிய அது சப்பை மூக்காக இருந்தது. பலராமன் மறுநாள் லீவு போட்டுவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தோடு மவுண்ட் ரோடுக்கு பஸ் ஏறினார்.

துப்பாக்கி ரிப்பேர் கடையில் இருந்த மிஸ்திரி அதை வாங்கினார். தானே திறந்து ஆறு குழியையும் பார்த்தார், சுண்டுவிரலை விட்டுத் தடவினார், "காலி" என்று வாய்விட்டுச் சொன்னார். அப்புறம்தான் குதிரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பல் டாக்டர் மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"தினம் வெறுமனே சொடுக்குறீங்களா?"

"கை பழகணும் இல்ல."

"கை பழகுது, மூக்கு தேயுது. தோட்டா இருந்தா மூக்கு அது மேல மெத்துனு வுழும். ஒண்ணுமே இல்லாட்டி இரும்புல இரும்பு மோதுது. வெறும் வாயை மென்னா பல்லுதான் தேயும். இன்னும் கொஞ்சம் போனா மூக்கு ஒடிஞ்சிடும். ஒடிஞ்சா வேற கெடைக்காது. இதச் செஞ்ச கம்பெனிக்காரன் உங்க அப்பாருக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டான்."

"இப்ப சுட்டா வெடிக்குமா?"

"இப்ப கீற மூக்குக்கு வெடிக்கும். இதுக்கு மேல தேய வுடாதீங்க."

"அப்ப சொடுக்கவே கூடாதா? பழக்கம் வுட்டுப்போனா அன்னைக்குக் கை ஆடுமே. எருமைங்க வேற கீது."

மிஸ்திரிக்கு எருமை விஷயம் புரியவில்லை. அவர் கேட்கவுமில்லை. உள்ளே போய் வெடித்துத் தீர்ந்த காலித் தோட்டாக்கள் ஆறைக் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் அடிப்பொட்டைப் பிடுங்கியிருந்தார்.

"இந்தப் பொட்டு எடத்துல கெட்டி ரப்பர் வெட்டி வச்சிக்குங்க. இதப் போட்டுகினு சொடுக்குங்க. மூக்கு ரப்பர் மேல வுழும், ஒண்ணும் ஆகாது. நெஜத் தோட்டா வேற ரூம்ல இருக்கணும். அது இருக்கிற ரூம்ல சொடுக்கக் கூடாது. சொடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழியும் கண்ணால பாக்கணும், வெரலால தொடணும், வாயால சொல்லணும். மண்ணப் பாத்துத்தான் நீட்டணும், மனுஷனப் பாத்து இல்ல. மூடும்போது படக்குனு அறையாதீங்க, கீல் ஆடிப்போவும். பொண்டாட்டி அலமாரி மூடுற மாதிரி மூடாம, மாமியார் வூட்டுக் கதவு மூடுற மாதிரி மூடுங்க."

பலராமனுக்கு இதெல்லாம் மந்திரம் மாதிரி மனசில் பதிந்தது. பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரரின் டிபன் கேரியரைப் பார்த்து, "காலி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அந்த ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மிச்சமிருந்தது ரப்பர்தான். அதில்தான் வந்தது வினை. பென்சில் ரப்பர் எள்ளுருண்டை மாதிரி உதிர்ந்தது. சைக்கிள் ட்யூப் தொளதொளவென்று இருந்தது. லாரி டயரை வெட்ட முடியவில்லை. கடைசியில் அவர் தம்முடைய ஹவாய் செருப்பின் குதிகாலில், தகட்டில் வட்டமாக வாஷர் வெட்டுகிற பஞ்ச் என்கிற இரும்புக் குழாயை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பயறு மாதிரி ஒரு துண்டு விழுந்தது. பொட்டு இருந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் வந்தது. எருமைகள் ஒரு நிமிஷம் யோசித்து, சரி போகட்டும் என்று கிளம்பின.

ஆனால் ரப்பர் சில நாளில் குழி விழுந்துபோகும். பலராமனின் செருப்பு சீக்கிரமே சல்லடை ஆனது. அவர் சைக்கிளில் போகும்போது காற்று அந்த ஓட்டைகளில் புகுந்து விசில் அடித்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்கள் அந்த விசிலுக்குப் புறப்பட்டுப் போயின. அடுத்தது செங்கமலத்தின் பச்சைச் செருப்பு. அதுவும் தீர்ந்தபோது, பிரஸ் ஷாப் வாசலில் ஆட்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கழற்றிப்போடுகிற செருப்புகள் அவர் கண்ணில் பட்டன. அவை வரிசையாகத்தான் கிடந்தன. காவலுக்கு அவர்தான் இருந்தார்.

இதில் அவர் ஒரு நுணுக்கமும் கண்டுபிடித்தார். புதுச் செருப்பு உதவாது. மிதிபட்டு மிதிபட்டு இறுகின ரப்பர்தான் நிற்கும். ஆள் எவ்வளவு கனமோ, ரப்பர் அவ்வளவு உசத்தி. கம்பெனியில் கனத்தில் முதலிடம் கேன்டீன் மரகதம். ஊதா நிறச் செருப்பு அவளுடையது. வேறு யாரிடமும் அந்த நிறம் இல்லை. அதன் குதிகாலில் வெட்டின துண்டு தேக்கு மாதிரி நின்றது.

புகார் ரகுபதியிடம் போனது. வாசலில் கழற்றிப்போட்ட எல்லாருடைய இடது செருப்பிலும் ஓட்டை. ரகுபதி பலராமனைக் கூப்பிட்டார்.

"எவனோ செருப்புல ஓட்டை போடறான். உங்க கேட்டுக்குள்ளேயே நடக்குது. ஆயுதபூஜைக்குள்ளே ஆளைப் பிடிக்கணும்."

"பிடிச்சிடலாம் சார்," என்று சல்யூட் அடித்தார் பலராமன். அந்த நிமிஷமே பிடித்திருக்கலாம், தூரமில்லை.

அவர் விசாரணையில் இறங்கினார். ஓட்டைகளை அளந்தார், முகர்ந்து பார்த்தார். எலி என்றார். மரகதம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா கன்மேன், வட்டமா வெட்டுற எலியா? காம்பஸ் வச்சிகினு வருதா அது?"

"ஊர்ல கம்பெனி வந்தா எலியும் தொழில் கத்துக்குது, மரகதம்."

"எலி கெடைச்சா எங்கிட்ட சொல்லு. ஒலக்கை வச்சிகினு கீறேன்."

அன்று இரவு பலராமன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அண்ணாதுரை நாற்காலியைப் பிடுங்குவது ஒரு பக்கம். வெடித்து நாற்காலி நிலைத்தாலும், செருப்புத் திருடன் என்று தெரிந்தால் அதே நாற்காலியைத் தலையில் கவிழ்ப்பார்கள். ஆனால் ரப்பர் இல்லாமல் சொடுக்கினால் மூக்கு போய்விடும், சொடுக்காவிட்டால் கை ஆடும். அவர் தொடர்ந்து சொடுக்கினார்.

ஆயுதபூஜை வந்தது. பிரஸ் மெஷின்களுக்கெல்லாம் பட்டை, பொட்டு, வாழைக்கன்று. சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், சுத்தி, மைக்ரோமீட்டர், பஞ்ச், கணக்குப்பிள்ளையின் கால்குலேட்டர். நடுநாயகமாக ரிவால்வர். நிஜத் தோட்டாக்கள் வாட்ச்மேன் ரூமில் பூட்டுக்குள் இருந்தன. துப்பாக்கியின் ஆறு குழியிலும் ரப்பர் வைத்த காலித் தோட்டாக்கள் இருந்தன, குதிரை மெத்தையில் சாய்ந்து ஓய்வெடுக்கட்டும் என்று. செங்கமலம் பொரிகடலைத் தட்டோடு வந்து, துப்பாக்கிக்குச் சந்தனம் வைக்க உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு வைத்தாள். தன் துப்பாக்கி மேல் அவளுக்கு இவ்வளவு பக்தியா என்று பலராமனுக்குக் கண் கலங்கியது.

தீபாராதனை முடிந்ததும் ரகுபதி கையைத் தட்டினார்.

"பலராமன், எடுங்க துப்பாக்கியை."

 மரகதம்தான் வாயைத் திறந்தாள்.

"சார், படைச்ச ஆயுதத்த இன்னைக்கே எடுக்கக் கூடாது. கேன்டீன்ல கத்தியையே படைச்சிட்டு, வெங்காயத்தக் கையால பிச்சிப் போட்டுகினு கீறேன்."

ஆமாம் ஆமாம் என்று கூட்டம் முழுக்க எழுந்தது. மறுநாள் விஜயதசமிக்குப் பொங்கல் வைத்து, மறுபூஜை போட்ட பிறகுதான் ஸ்பேனரையே தொடுவார்கள். ரகுபதி கணக்குப்பிள்ளையின் கால்குலேட்டரும் அங்கே படுத்திருப்பதைப் பார்த்து ஒத்துக்கொண்டார். மீசையோடு வந்திருந்த அண்ணாதுரை பொரி வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வரேன் சார். எது எப்ப வெடிக்கணும்னு எனக்குத் தெரியும்" என்று பலராமனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சொடுக்கு இல்லை. எருமைகள் ராத்திரி வேலியோரமே தங்கின. பலராமனும் சரஸ்வதி படத்தோரம் துப்பாக்கிக்குக் காவலாகப் படுத்தார்.

விஜயதசமி காலை, மறுபூஜை முடிந்து எல்லாரும் மண்மேட்டுக்கு வந்தார்கள். விருந்தாளி என்பதால் அண்ணாதுரைக்கு முதல் மரியாதை. அவர் உறையிலிருந்து இரட்டைக்குழல் துப்பாக்கியை உருவி, மீசையை ஒதுக்கி, தோட்டாவைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் பலராமன். மிஸ்திரியின் மந்திரம் அவர் வாயில் தானாக வந்தது. "கண்ணால பாத்தீங்களா? தொட்டீங்களா?"

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"சொல்லித் தரல. ஒரு தடவ குழலை வெளிச்சத்துல காட்டிட்டுப் போட்டுருங்க."

அண்ணாதுரை கோபத்தோடு மடித்துத் திறந்து, வானத்துக்கு நேராகக் காட்டினார். ஒரு குழலில் வானம் தெரிந்தது. இன்னொன்றில் ராத்திரி தெரிந்தது. பலராமன் ஒரு வேப்பங்குச்சியை விட்டுக் குத்தினார். காய்ந்த மண் உதிர்ந்தது. குளவி உள்ளே குடித்தனம் வைத்திருந்தது. அதோடு தோட்டாவைப் போட்டுச் சுட்டிருந்தால் குழல் வெடித்து, மீசை குன்றத்தூருக்குத் தனியாகப் போயிருக்கும். அண்ணாதுரை துப்பாக்கியை மெல்லக் கீழே வைத்தார். 

"குளவி கூடு கட்டுனா பிள்ள பொறக்கும்பாங்க," என்றாள் மரகதம். "பாத்துக்க அண்ணாதுரை, உன் துப்பாக்கிக்கு ஏதோ நல்ல சேதி வருது."

இப்போது பலராமனின் முறை. அவர் ரிவால்வரை மண்ணைப் பார்த்து நீட்டி, மாமியார் வீட்டுக் கதவு மாதிரி மெல்லத் திறந்தார். கண்ணால் பார்த்தார். விரலால் தொட்டார். வாயால் சொல்லத்தான் முடியவில்லை.

ஆறு குழியிலும் விரலி மஞ்சள் இருந்தது. ஒவ்வொன்றும் அளவெடுத்து நறுக்கினது.

ரகுபதி எட்டிப் பார்த்தார். "இது என்ன பலராமன், குழம்பு வைக்கப் போறீங்களா?"

"நான்தான் சார் வச்சேன்," என்று செங்கமலம் முன்னால் வந்தாள். "பொட்டு வைக்கத் தெறந்தா, உள்ள செருப்பு ரப்பர் கீது. சரஸ்வதி முன்னாடி செருப்பையா வைக்கிறது? அதான் எடுத்துட்டு மங்களகரமா மஞ்ச வச்சேன். வேணும்னா பாருங்க." முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறு காலித் தோட்டாக்களையும் நீட்டினாள்.

மரகதம் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அடியில், பொட்டு இருந்த இடத்தில், ஊதா நிறம் தெரிந்தது. அவள் இடது காலைத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தாள். மறுபடி தோட்டாவைப் பார்த்தாள். மண்மேட்டைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார்கள்.

"எலி கெடைச்சிடுச்சி சார்," என்றாள் மரகதம்.

பலராமன் துப்பாக்கியை மூடவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. "ரப்பர் இல்லாட்டி மூக்கு ஒடிஞ்சிடும்னாங்க," என்றார். "நாற்காலி போயிடும்னு பயந்துட்டேன். உன்து மாதிரி ரப்பர் இந்த ஜில்லாவுலயே கெடையாது மரகதம்."

அதில் புகழ்ச்சி இருக்கிறதா என்று மரகதம் கொஞ்சம் யோசித்தாள். "மொதல்ல சுடு. வெடிக்கலன்னா ரெண்டு கணக்கையும் சேத்துத் தீத்துக்கலாம்."

பலராமன் குச்சியில் துணியைச் சுற்றி ஒவ்வொரு குழியாக மஞ்சள் தூளைத் துடைத்தார். எல்லாரையும் தம் முதுகுக்குப் பின்னால் வரச்சொன்னார். அப்பாவின் மூன்று தோட்டாக்களில் ஒன்றைப் போட்டார், மூடினார், நீட்டினார், இழுத்தார்.

டக்.

அவ்வளவுதான். அண்ணாதுரை தொண்டையைச் செருமினார். வேலிக்கு அந்தப்பக்கம் அப்போதுதான் மேயத் தொடங்கியிருந்த எருமைகள் தலையைத் தூக்கின. ஒரு சத்தத்தோடு நின்றது அவற்றுக்குக் குழப்பமாக இருந்தாலும், முந்தின நாள் பாக்கியையும் சேர்த்து இருக்கும் என்று காலையிலேயே வீட்டுக்குத் திரும்பின.

"கீழ போடு அத," என்றார் யாரோ.

"கிட்ட வராதீங்க," என்றார் பலராமன். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. நீட்டின கை நீட்டினபடி மண்ணைப் பார்த்தே நின்றார். கை ஆடவில்லை. எருமைகள் கண்ணுக்கு மறைகிறவரை அப்படியே நின்றுவிட்டு, அப்புறம் திறந்து அந்தத் தோட்டாவை எடுத்து ரகுபதியிடம் அடிப்பக்கத்தைக் காட்டினார். பொட்டில் நட்டநடுவே ஆழமாக ஒரு குழி விழுந்திருந்தது.

"பாருங்க சார், மூக்கு நல்லாத்தான் குத்தியிருக்கு. தோட்டாக்குத்தான் வயசாயிடுச்சி. அப்பா காலத்துது."

இரண்டாவதைப் போட்டார். இழுத்தார்.

அந்த வெடிச் சத்தத்தில் பிரஸ் ஷாப்பின் தகரக் கூரையில் ஒதுங்கியிருந்த தூசி அத்தனையும் கீழே இறங்கியது. மண்மேட்டில் ஒரு பிடி மண் எகிறியது. குழல் முனையில் மஞ்சள் புகை சுருண்டு, சந்தன வாசனையோடு கலைந்தது. எருமைகள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அவற்றைப் பொறுத்தவரை வெடிச்சத்தம் எதற்கும் அடையாளமில்லை. மேகத்தில் ஓட்டை விழுந்ததா என்று சில பேர் அண்ணாந்து பார்த்தார்கள். பலராமன் மண்ணைப் பார்த்துத்தான் சுட்டார் என்பதால் மழை வரவில்லை. ஆனால் அந்த இடத்தில் தண்ணீர் ஊறத் தொடங்கியது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

"நாற்காலி உங்களுக்குத்தான்," என்றார் ரகுபதி, காதைத் தேய்த்துக்கொண்டே. "செருப்பு விஷயத்தை நீங்களே பேசித் தீர்த்துக்குங்க. அது பர்சனல்."

அண்ணாதுரை பக்கத்தில் வந்து பலராமனின் கையைப் பிடித்துக்கொண்டார்.  மீசை கொஞ்சம் துடித்தது. குளவியோடு குன்றத்தூர் பஸ்ஸுக்குப் போனார்.

மரகதம் தீர்ப்புச் சொன்னாள். பூஜைக்காக பலராமன் புதுச் செருப்பு போட்டு வந்திருந்தார். அதைக் கழற்றி நடுவில் வைக்கச் சொன்னாள்.

"விஜயதசமி இன்னைக்கு எந்த ஆயுதமும் ஒரு வேலயாவது செய்யணும். அந்தப் பஞ்ச்ச எடுத்துகினு வாங்க. செருப்புல ஓட்ட வுழுந்தவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டுங்க."

அந்த வருஷம் பஞ்ச் செய்த முதல் வேலை அதுதான். ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் வரிசையில் நின்று தட்டினார்கள். மரகதம் இரண்டு தட்டினாள். கணக்குப்பிள்ளையின் செருப்பில் ஓட்டையே இல்லை, ஆனாலும் ஆசைக்கு ஒன்று தட்டினார். செங்கமலம் தன் பச்சைச் செருப்பை நினைத்துக்கொண்டு எல்லாரையும்விட ஓங்கித் தட்டினாள். கடைசியில் வாரும் விளிம்பும்தான் மிஞ்சின.

கூட்டம் பொங்கல் சாப்பிடப் போனது. பலராமன் வெறுங்காலோடு குந்தி, தரையில் சிதறிக் கிடந்த ரப்பர்ப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை நிறைந்தது. அடுத்த ஆயுதபூஜை வரைக்கும் தாங்கும். புதுச் செருப்பு என்பதால் ரப்பர் கொஞ்சம் மெத்தென்றுதான் இருந்தது. அதற்கும் வழி இருந்தது. கேன்டீன் வாசலில் மரகதம் நிற்கிற கால்மிதிக்கு அடியில் பரப்பி வைத்தால், ஒரு மாசத்தில் இறுகிவிடும்.